வெறுமனே சுத்தின லேத்து

எனக்கு எழுபத்திரண்டு வயசு. நாலு பெத்து நாலையும் வளத்தேன். கூடவே ஒரு லேத்துப் பட்டறையும் வளத்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதறேன், அவசரம் ஒண்ணும் இல்லை.

வீட்டுக்காரர் போனதும் அம்பத்தூர் மெயின்ரோட்டுப் பட்டறையைக் கொழுந்தன் எடுத்துக்கிட்டான். எனக்குத் தள்ளிவிட்டது ஒரு பழைய லேத்து. பருத்திப்பட்டு ஏரி பக்கம் தகரக் கொட்டாய் போட்டு அதை ஓட்டினேன். கருமாதி அன்னைக்கே கேட்டைச் சாத்தினவன் அவன். நான் மறக்கலை.

அவன் பட்டறையில வேலை இருந்தாலும் இல்லாட்டியும் லேத்து சுத்தும். சத்தம் கேட்டாத்தான் ரோட்டுல போறவன் ஆர்டர் குடுப்பான்னு ஒரு நெனப்பு. நான் கடைசல் முடிஞ்சதும் மோட்டாரை அணைச்சிடுவேன்.

"இன்னா அண்ணி, எழவு ஊடு கணக்கா கீது?" ன்னு ஆளுங்க எதிர்லயே சிரிப்பான்.

போன வருஷம், எங்க ரெண்டு பேருக்கும் வேலை குடுக்கற கார் கம்பெனி இனிமே ஒரு பட்டறை போதும்னு சொல்லிடுச்சு. சாமான் கடையறதுல எவன் கரண்டை வீணாக்கலையோ, எவனால கரண்டுக்கு எரிக்கற நெலக்கரிப் புகை காத்துல கம்மியா ஏறுதோ, அவனுக்குத்தான் ஆர்டராம். அது போனா என் கொட்டாய் அவ்வளவுதான்.

கம்பெனியில இருந்து பாக்க வந்த பொண்ணு முதல்ல என்கிட்ட வந்து, கரண்டு எவ்வளவு இழுக்குதுன்னு கருவி மாட்டி அளந்துச்சு. கிளம்பறப்ப, "உங்க கொழுந்தனார் பட்டறைக்கு எப்பம்மா போகலாம்?" னு கேட்டுது.

"சாப்பாட்டு நேரத்துல போ கண்ணு. கூட்டம் இருக்காது" ன்னு மோர் குடுத்து அனுப்பினேன்.

அந்த நேரத்துல அவன் ஆளுங்க டிபன்பாக்ஸோட மரத்தடியில இருப்பாங்க. உள்ள லேத்து, கம்ப்ரசர் எல்லாம் யாருக்குன்னு இல்லாம கத்திக்கினு இருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் நின்னு அளந்துச்சாம்.

ஆர்டர் முழுசா எனக்கு வந்துச்சு. பின்னாடியே அவனும் வந்தான்.

"அண்ணி, பாதியாவது வுடுங்க. ஆளுங்களுக்கு நான் இன்னா சொல்றது?"

"இங்க வரச் சொல்லு. நல்ல கைங்க, வேலை கீது."

"அப்ப நானு?"

"உனக்கு சத்தம் கேட்டாத்தானே தூக்கம் வரும்? இங்க வராது நைனா."

உக்காருன்னு சொல்லலை. நின்னவாக்குலயே திரும்பிப் போனான். முதுகைப் பாத்துக்கிட்டே இருந்தேன். மனசு குளுந்துச்சு, பொய் எழுதக்கூடாது.

அடியே பேத்தி, அந்தப் போனைக் கீழ வை. பாட்டி எழுதினதைச் சத்தமாப் படிச்சுக் காட்டு. அவன் வந்து நின்ன எடத்தை மட்டும் நிதானமாப் படி.