முப்பது மீற்றர்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த கிரான்பர்னில் எங்கள் தெரு ஆண்கள் சனிக்கிழமைகளில் புல் வெட்டுவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வில்லைத் தூக்கிக்கொண்டு மலைக்காட்டுக்குப் போவார். முதலில் எனக்கு எரிச்சல்தான். பிறகு தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போகத் தொடங்கினேன். வில் அவர் கையில், தூரம் அளக்கும் கருவி என் கையில்.

எங்களுக்குள் ஒரு தீர்மானம் உண்டு. எவ்வளவு தூரத்தில் அம்பு விடலாம் என்பதை வீட்டில் வைத்தே முடிவெடுக்க வேண்டும். காட்டில் வைத்து முடிவெடுத்தால் ஆசை முந்திவிடும். பயிற்சி மைதானத்தில், கை சூடேறுவதற்கு முன் அவர் விடுகிற முதல் அம்பு எந்தத் தூரம்வரை சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் தவறாமல் விழுகிறதோ, அதுதான் எல்லை. மிருகம் இரண்டாம் அம்புக்கு நிற்காது. அவருடைய எல்லை முப்பது மீற்றர். அதற்கு மேல் போனால், நாண் சத்தத்துக்கே மான் அசைந்துவிடும். அம்பு பிந்தித்தான் போய்ச் சேரும். நெஞ்சில் படவேண்டியது வயிற்றில் பட்டால், அந்தச் சீவன் அம்போடு ஓடிப்போய் எங்கேயோ பற்றைக்குள் கிடந்து மெல்லச் சாகும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

போன குளிர்காலம் மச்சாளின் மகளுக்குப் பிறந்தநாள். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், மரை இறைச்சிக் கறி வரும் என்று சொந்தம் முழுக்கச் சொல்லிவிட்டார். இங்கே சாம்பர் மான் என்பதைத்தான் நாங்கள் மரை என்போம். அந்தப் பேரைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு வாயூறும். ஆனால் போன தடவைகளிலெல்லாம் வெறுங்கையோடுதான் திரும்பினோம்.

பிறந்தநாள் விருந்துக்கு முதல்நாள் காலை, ஓடைக்கு அந்தப் பக்கம் கொம்பு வைத்த மரை ஒன்று வந்து நின்றது. கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். நாற்பத்துநான்கு. கூட்டியோ குறைத்தோ சொல்ல முடியாது. பொய்த் தூரத்தை நம்பி விட்டால் அம்பு இன்னும் மோசமாகப் போகும். உள்ளதை மெல்லச் சொன்னேன். வில்லை இறக்குவார் என்று நினைத்தேன். மனுசன் நாணை இழுத்தார்.

நான் இருமினேன். அடிவயிற்றிலிருந்து, காடு கேட்க. மரை ஒரே பாய்ச்சலில் மறைந்தது.

வீடு வரும்வரை அவர் கதைக்கவில்லை. எனக்கும் கோபம், உள்ளுக்குள் பயமும். சொந்தத்துக்குள் தன் முகத்தில் கரி பூசிவிட்டேன் என்று நினைத்தாரானால், அது இலேசில் ஆறாது.

மறுநாள் விருந்தில் ஆட்டுக்கறிதான். மரை எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் இருமிக் கலைத்த கதையைச் சொன்னார். வீடே சிரித்தது. மச்சாள் பாவம், எனக்கு உண்மையிலேயே இருமல் என்று நினைத்து, குசினிக்குள் போய்க் கொத்தமல்லி அவித்து, சுடச்சுடக் கொண்டுவந்து தந்தா. வேண்டாம் என்றால், ஏன் இருமினேன் என்ற கதை வெளியே வந்துவிடும். கடைசிச் சொட்டுவரை குடித்தேன். எதிர்க் கதிரையில் இருந்த அவருடைய சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

காரில் ஏறியதும் கேட்டார்.

"உண்மையாவே இருமல் வந்ததோ?"

"இல்லை."

காரை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். சண்டைதான் வரப்போகிறது என்று நானும் மறுமொழியைத் தயாராக வைத்திருந்தேன்.

"நாப்பத்துநாலில எனக்குச் சரிவராது," என்றார். "தெரிஞ்சுதான் இழுத்தனான்."