மூன்றாவது பெயர்

அன்று அச்சகத்தில் இருந்தது மூன்றே பேர்: கம்ப்யூட்டர் முன்னால் நான், எதிர் நாற்காலியில் பங்குக் கோயில் ஃபாதர், உட்காராமல் நின்ற ஆனைக்குட்டத்து அக்கா. திரையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் முந்தின நாள் வெடி விபத்து; செத்துப்போன மூவருமே இருபது தாண்டாத பையன்கள்; ஒருவன் இந்த அக்காவின் மகன். அடக்கத்துக்கு முன் ஒட்ட வேண்டும் என்று ஃபாதர் ஆர்டர் கொடுத்திருந்தார்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் எதையும் பத்துத் தடவை பார்ப்பேன். "எழுத்து தேஞ்சிரப் போகுதும்மா" என்பார் ஃபாதர்.

அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. கம்பெனி வருகைப் பதிவிலிருந்து வந்த மூன்று பெயர்களையும் வாசித்துக் காட்டினேன்.

"எம் மவன் பேரு எங்கன தாயி?"

மூன்றாவதாக இருந்தது அவர் மகனுடைய சேக்காளியின் பெயர். "அவன் காய்ச்சல்ல வீட்டுல கெடக்கான். அவனுக்கு வேலை போயிரக் கூடாதுன்னு, அவன் பேருல எம் மவன் போனான்."

உயிரோடு இருப்பவனைச் சாகடித்திருந்தேன். மாற்றவும் பயம். பதிவில் உள்ளபடியே அடிக்க வேண்டும் என்று கம்பெனி ஆள் சொல்லிப் போயிருந்தார். எங்களுக்குப் பட்டாசு லேபிள் ஆர்டர் தருவதே அவர்கள்தான்.

ஃபாதர் குருமடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவர். "பழைய லத்தீன் போர்க் காவியத்துல ஒரு வழக்கம் உண்டும்மா. இளவட்டம் ஒருத்தன் ஈட்டி பட்டு விழுந்தா, கவிஞன் சண்டையவே நிறுத்திப்புடுவான். இவன் யார் மகன், எந்த ஆத்தங்கரையில வளந்தான், உடுப்ப நெய்து குடுத்தது யாரு, அம்புட்டும் சொல்லிட்டுத்தான் அடுத்த ஈட்டி." கண்ணை மூடிச் சில வரிகள் சொன்னார். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அவர் குரல் தாழ்ந்த இடத்தில் யாரோ ஒருவன் விழுந்துவிட்டான் என்று தெரிந்தது. ஈராயிரம் வருஷத்துக்கு முன் எந்த மண்ணிலோ செத்த பையனுக்காக, மை வாடை அடிக்கும் அந்த அறையில் நாங்கள் மூச்சடக்கி இருந்தோம்.

அக்காதான் கேட்டார்: "அந்தப் பயலுகளப் பெத்தவ பேரும் சொல்லுவாகளா சாமி?"

"சில பேருக்குச் சொல்லுவாக."

"அப்ப எம் பேரையும் போடுங்க."

சேக்காளி பெயரை அழித்தேன். மகன் பெயர், ஊர், அதற்குக் கீழே பெற்றவள் பெயர். அக்கா திரையைத் தொட்டு, "இதானா நான்?" என்றார். மறுபடி பார்க்காமலே அச்சுக்கு அனுப்பினேன்.

லேபிள் ஆர்டர் அத்தோடு நின்றது. அந்தக் கம்ப்யூட்டரும் போய் இரண்டு மாறிவிட்டன. இன்றும் இளவட்டம் ஒருவனுக்குப் போஸ்டர் கேட்டு யாராவது வந்தால், முதலில் கேட்பது இதைத்தான்: "பெத்தவ பேரச் சொல்லுங்க."