சாமைப் பானையில் ஒளித்த கவர்

தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் இன்றைக்கும் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். இப்போது யார் கடிதம் போடுகிறார்கள்? வருவதெல்லாம் வங்கி நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும்தான். ஆனாலும் போய் நிற்பேன். பயந்தாங்கொள்ளி என்று என் மகள்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். வங்காளத்துப் பக்கம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்தக் கார்த்திகையில் அவர்கள் பிறக்கவே இல்லை.

எங்கள் ஊர் சங்கராபுரத்திலிருந்து மலைப் பக்கம் போகும் சாலையில் இருக்கிறது. வீட்டில் நானும் மாமனாரும் மட்டும்தான். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கணவர் பட்டாளத்தில் இருந்தார். அந்த வருஷத் தை மாதம் லீவில் வந்தவர், இரண்டு ஏக்கர் கரும்பை நட்டு, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் பதிவு செய்துவிட்டுப் போனார். மாமனாருக்குக் கையெழுத்து வராது என்பதால் பதிவு மகன் பெயரில். அதுவரை எங்கள் நிலத்தில் கரும்பு போட்டதில்லை, மணிலாக் கொட்டையும் கம்பும்தான்.

லீவு முடிந்து கிளம்புவதற்கு முன் அவர் எனக்கு ஒரு வேலை கற்றுக்கொடுத்தார். அவருடைய விலாசத்தை இங்கிலீஷில் எழுதுவது. ஐந்தாவது வரை படித்தவள் நான், அதுவும் தமிழில். எழுத்துகளைப் படம் வரைவதுபோல வரைந்து பழகினேன். முதலில் ஒரு நம்பர், பிறகு அவர் பெயர், பிறகு பட்டாளத்தின் பெயர். ஊர் பெயரே கிடையாது.

"ஊரு இல்லாம எப்டிங்க போயி சேரும்?" என்றேன்.

"நம்பர்தான் முக்கியம். அது இல்லன்னா எனக்கு ஒண்ணும் வராது. நாளைக்கு நான் செத்தாலும் இந்த நம்பரையும் பேரையும் போட்டுத்தான் உனக்கு காயிதம் வரும், பாத்துக்க" என்று சொல்லிச் சிரித்தார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னார். அந்த விளையாட்டுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சண்டை தொடங்கியதும் ஊரே வேறு மாதிரி ஆகிவிட்டது. அதுவரை சண்டை என்றால் எங்களுக்கு வரப்புச் சண்டைதான். சங்கராபுரத்தில் ஒரு பாய் மளிகைக் கடை வைத்திருந்தார். கடையில் பெரிய ரேடியோ உண்டு. செய்தி நேரத்துக்கு வாசலில் கூட்டம் நிற்கும். யாரோ ஒரு வாயாடி, "பாய் எந்த ஊரு ஸ்டேஷன் வச்சிக் கேக்கறாரோ" என்று சொல்லிவிட்டான். மறுநாளிலிருந்து பாய் ரேடியோவைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்து, காது கிழியும்படி சத்தமாக வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் கட்டிய பொட்டலத்துக்கே மறுபடி மறுபடி நூல் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரிந்தது. நானும் அப்படித்தான் கழுவிய பாத்திரத்தையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

மண்ணெண்ணெய்க்கு வரிசை. டார்ச் லைட்டுக்குப் பேட்டரிக் கட்டை மருந்துக்கும் கிடையாது. உப்பு வராமல் போய்விடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் புளியும் கடுக்காயும் விற்ற கையோடு மூட்டை மூட்டையாக உப்பு வாங்கித் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மலைக்காரம்மா மட்டும் எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, எங்கள் வீட்டு உப்புக்கு ஒரு மரக்கால் சாமை அளந்து கொடுத்துவிட்டுப் போனாள். இதில் பெரிய வதந்தி ஆலையைப் பற்றியது. புகைபோக்கி அவ்வளவு உயரம் நிற்கிறதே, விமானத்துக்காரன் முதலில் அதைத்தான் போடுவான் என்றார்கள். கரும்பு ஏற்றிப் போகும் வண்டிக்காரர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று மாட்டை அடி அடியென்று அடித்து ஓட்டினார்கள். வங்காளம் எங்கே, மூங்கில்துறைப்பட்டு எங்கே! பயத்துக்குத் தூரம் தெரியுமா?

சண்டை தொடங்கி ஐந்தாறு நாள் இருக்கும். உச்சி வேளை. மாமனார் கழனியில் கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தார். தபால்காரர் வந்து மணி அடித்தார்.

"ஏம்மா, உங்க வூட்டுக்காரர் பேருக்கு கவர் வந்துகீது. பெரியவர் இல்லீங்களா?"

"கயனிக்குப் போயிகீறாருங்க."

அவர் என் கையில் கவரைக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். பழுப்புக் கவர். மிஷினில் அடித்த இங்கிலீஷ். முதலில் ஒரு நம்பர். பக்கத்தில் நான் வரைந்து வரைந்து பழகிய அவர் பெயர்.

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவருடைய நம்பர் இவ்வளவு சின்னதில்லை, அது நீளமான நம்பர். ஆனால் அந்த நேரத்தில் கண் எண்ணிப் பார்க்குமா? நம்பரும் பேரும் போட்டு வந்துவிட்டது, அவ்வளவுதான். கவரைப் பிரித்தால் என் கை வளையலை உடைப்பார்கள், பொட்டை அழிப்பார்கள். பிரிக்காதவரை அவர் உயிரோடு இருக்கிறார். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. உள்ளே ஓடி, மலைக்காரம்மா கொடுத்த சாமை இருந்த பானையில் கையை முழங்கை வரை விட்டு, அடியில் கவரைப் புதைத்தேன். மேலே சாமையை மூடிவிட்டு, முகத்தைக் கழுவி, குங்குமத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்துக்கொண்டு, மாமனாருக்குக் கூழ் எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு நான் சாமை ஆக்கவில்லை. "சாமைச் சோறு தின்னு எத்தினி நாளாச்சு, பானை நெறைய கீதே" என்று மாமனார் ஒரு தடவை கேட்டார். பூச்சி விழுந்திருக்கிறது, வெயிலில் போட வேண்டும் என்றேன். பூச்சி என் நெஞ்சில்தான் விழுந்திருந்தது. பூக்காரி வந்தால் ஒரு முழம் வாங்குகிறவள் இரண்டு முழம் வாங்கினேன். சந்தையில் கண்ணாடி வளையல் புது ஜோடி போட்டுக்கொண்டேன். போட்டுக்கொள்ளும்போதே, தாலி அறுத்தவள் பூ வைத்துத் திரிகிறாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளுக்குள் செத்தேன்.

சண்டை இரண்டே வாரத்தில் முடிந்தது. மார்கழி பிறந்த சமயம். பாய் கடையில் கல்கண்டு வாரி வாரிக் கொடுத்தார். நன்றாக நினைவிருக்கிறது, என் கையிலும் ஒரு பிடி வைத்து, "இனிமே கவல இல்லம்மா, உன் வூட்டுக்காரர் வந்துருவாரு" என்றார். முந்தானையில் முடிந்து கொண்டுவந்தேன். வாயில் போட முடியவில்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நான் பூசணிப் பூவை வைக்கத் தெரியாதவள்போல சாணியில் குத்திக்கொண்டே இருந்தேன்.

இதற்கிடையில் அக்கம்பக்கத்துக் கரும்பெல்லாம் வெட்டியாகிவிட்டது. எங்கள் கரும்பு மட்டும் நின்றது. ஆலை வெட்டு உத்தரவு கொடுக்காமல் ஒரு கட்டு வெட்டினாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு முன் வருஷமெல்லாம் ஆலையின் ஃபீல்டுமேன் சைக்கிளில் வந்து உத்தரவுச் சீட்டை அவரவர் கையில் கொடுப்பார் என்று பக்கத்துக் கழனிக்காரர் சொன்னாராம். மாமனார் தினமும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பஸ் ஏறி ஆலைக்கே போனார். திரும்பி வந்தவர் முகம் கறுத்திருந்தது.

"இந்த வருசம் தபால்ல வுட்டுட்டாங்களாம். நம்புளுக்கும் வுட்டு ஜாஸ்தி நாளாச்சாம். எதுனா வந்துச்சாம்மா?"

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. அதுதான் இதுவோ? உடனே அதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. இது அது இல்லை என்றால்? இத்தனை நாளும் ஒரே பயம்தான் இருந்தது, இப்போது ஆசையும் சேர்ந்துகொண்டது. ஆசை வந்தபிறகு பிரித்துப் பார்க்க இருந்த கொஞ்சம் தைரியமும் போய்விட்டது.

"ஒண்ணும் வரலீங்க மாமா" என்றேன்.

அவர் நேராகத் தபாலாபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். தபால்காரர் எங்கள் தபாலைத் தொலைத்துவிட்டார், மேலே எழுதிப்போடப் போகிறேன் என்று. மறுநாள் காலையில் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மணி அடிக்கவில்லை.

"பெரியவரே, நான் தொலைக்கலீங்க. இந்தம்மா கையிலதான் குடுத்தேன். எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆவல. எழுதிப் போட்டீங்கன்னா என் பொழப்பு போயிடும்."

மாமனார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் மருமவ பொய் சொல்லமாட்டா. வரலன்னு சொல்லிச்சின்னா வரல. நீ போ" என்றார்.

தபால்காரர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். "மறந்துட்டிருப்பீங்க. கொஞ்சம் தேடிப் பாருங்கம்மா" என்றார், கெஞ்சுகிற குரலில்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. உள்ளே போய்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலிலேயே கவிழ்த்தேன். சாமை கோலத்தின்மேல் கொட்டியது. கவர் மேலே வந்து விழுந்தது. "படிச்சிடுங்க. இன்னாவா இருந்தாலும் படிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

பொத்தினால் மட்டும் கேட்காதா? தபால்காரர் கவரைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "கரும்பு வெட்டு உத்தரவுங்க. இது உங்க மகனோட ஆலை மெம்பர் நம்பரு. தேதி போனவாரத்தோட முடிஞ்சிடுச்சி."

நான் நினைத்திருந்ததை அழுதுகொண்டே சொன்னேன். நம்பரைச் சொன்னேன், அவர் பேரைச் சொன்னேன், வளையலைச் சொன்னேன். மாமனார் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"அடி பைத்தியக்காரப் பொண்ணே, கவரு அவன் பேருக்கு வந்துகீது. நீ செத்துட்டன்னு செத்தவனுக்கேவா கடுதாசி போடுவானுங்க?"

தபால்காரருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மாமனாருக்கு. பிறகு எனக்கும். மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தேன். மாமனார் தபால்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வச்சிக்காதபா" என்றார். கொட்டின சாமையை மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினோம்.

ஆலையில் எங்கள் முறை போய்விட்டது. அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்குள் கரும்பு பூ எடுத்து, கழனி முழுக்க வெள்ளை வெள்ளையாய் ஆடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே சாறு வற்றிப் பஞ்சாகிக்கொண்டிருந்தது. மாமனார் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் கணவரிடமிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை. சண்டை முடிந்து ஒரு மாதமாகியும் வரவில்லை. பழைய பயம் மெதுவாகத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாமனார் கழனியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் இன்லண்டு. வழியில் தபால்காரர் கொடுத்தாராம். "படிம்மா, படி" என்று அவசரப்படுத்தினார். கணவர் கையெழுத்துதான். படித்தேன். நலம், நலமறிய ஆவல். பிறகு: ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், இந்த வருஷம் வெட்டு உத்தரவு தபாலில்தான் வருமாம், என் பேருக்கு வரும், மெம்பர் நம்பர் போட்டிருக்கும், பார்த்துப் பயந்துவிடாதே, வாங்கி அப்பாவிடம் கொடு.

மாமனார் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வாயோரம் வந்துவிட்டது. அப்போதுதான் மேலே அவர் எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன். சண்டை தொடங்குவதற்கு நான்கு நாள் முன்னால் எழுதியது. எங்கெங்கோ கிடந்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

"எப்ப எழுதினதும்மா? தேதி போட்டுகீறானா?"

கடிதத்தை மடித்தேன். "சண்டை முடிஞ்சி நாலு நாளு கழிச்சிங்க மாமா" என்றேன்.

"அப்ப செரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பிடிக்கப் போனார்.

அந்த ஒரு மாதத்தை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. மாமனார் ஊர் முழுக்க, பையன் நல்லாகீறான், கடுதாசி வந்துச்சி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க நான் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். அவருக்கு மட்டும் மகன் உயிரோடு இருந்தான். எனக்கு ஒன்றும் நிச்சயமில்லை.

மாசியில் எங்களுக்கு மறுபடி வெட்டு உத்தரவு வந்தது. வெட்டு ஆட்கள் இறங்கிய இரண்டாம் நாள், தகர டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பு மேல் ஒருவர் நடந்து வந்தார். இளைத்து, தாடி வைத்து. நான்தான் முதலில் பார்த்தேன். கட்டிக்கொண்டிருந்த கரும்புக் கட்டை விட்டுவிட்டு எழுந்தேன். பக்கத்தில் வந்து, பூத்து நின்ற கரும்பைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, இப்பத்தான் வெட்றீங்களா?" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் அவர் கிணற்றில் குளித்துக்கொண்டிருந்தார். நான் சாமை ஆக்குவதற்காக முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தேன். மாமனார் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அந்தக் கடுதாசி சண்டைக்கு முன்னாடி போட்டதும்மா. முத்திரைல தேதி கீதுன்னு போஸ்ட்மேன் வரப்புலயே படிச்சி சொல்லிட்டாரு."

முறத்தைக் கீழே வைத்தேன். "தெரிஞ்சிகினேவா என்னத் தேதி கேட்டீங்க?"

"என் மருமவ பொய் சொல்லமாட்டா இல்ல" என்றார். "நீ ஒரு தேதிய சொன்னா நானு நம்பிக்கலாம்னு கேட்டேன்."