விருந்தாளியாக வந்த காற்றுப்பெட்டி

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த ஒச்சம்மாளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. பஜார் சாலையில், பின்வாசல் காயலைப் பார்த்துத் திறக்கும் ஒரு சுக்குக் கிடங்கில் புடைக்கிற வேலை. சுண்ணாம்பு பூசி வெளுத்த சுக்கை முறத்தில் அள்ளி நாலு தட்டுத் தட்டினால் வெள்ளைத் தூசி தலைக்கு மேலே எழும்பும். அதற்குள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே, பக்கத்தில் இருப்பவள் ஒரு முறம் முடிப்பதற்குள் இவள் இரண்டை முடித்துவிடுவாள்.

ஆஸ்துமா வந்து ஆறேழு வருஷமாகிறது. முதலில் சளி என்றாள், பிறகு மழைக்கு ஆகவில்லை என்றாள். இன்ஹேலர் கொடுத்த டாக்டர் போன மாதம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: தூசி போக வேண்டும், இல்லையென்றால் ஒச்சம்மாள் வேலையை விட வேண்டும். வேலையை விட்டு வீட்டில் உட்காருவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கொத்து வேலைக்குப் போகும் கணவன் சங்கிலிப்பாண்டிக்கும் முடியவில்லை.

"குடோன்ல இருபது பேரு கேக்கறாங்க. வீட்ல நான் ஒருத்தன் எம்புட்டுப் பேச்சைத்தான் கேக்கறது?" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் ஸுப்ரியா வந்தாள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். களமசேரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஒரே ஊர்க் காற்றில் சிலருக்கு மட்டும் ஏன் அதிகமாக மூச்சு முட்டுகிறது என்பது அவள் குழுவின் கேள்வி. ஆலைகள் இருப்பதால் ஏலூர்க் காற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சுக்குக் கிடங்குக்குள் என்ன காற்று என்று கேட்க ஆளில்லை என்றாள். பல இடங்களில் அளந்து பார்த்து, மூன்று இடங்களுக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரம் வைத்துத் தரப்போகிறார்களாம்.

தோளில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி கொடுத்தாள். காற்றில் எவ்வளவு தூசி என்று அது தானே குறித்துக்கொள்ளும். கூடவே ஓர் ஊதுகுழாய். காலையும் மாலையும் அதில் ஊதினால், மூச்சுக்கு எவ்வளவு வலு என்று முள் காட்டும்; அதை ஒரு தாளில் குறித்து வைக்க வேண்டும்.

"ஒரு வாரம் மாட்டிண்டா மதி, அக்கா. அது போதும். எப்பவும் போல இருங்கோ."

"நீ கவலைப்படாத மோளே. தெரு மானத்தைக் காப்பாத்திருவோம்."

ஸுப்ரியா அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒச்சம்மாளோ, மூன்று இடத்துக்கு மட்டும் என்றால் நல்ல மார்க் வாங்குகிற மூன்று இடத்துக்குத்தான் என்று முடிவு கட்டியிருந்தாள். பரிசை வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

அன்றிலிருந்து பெட்டி வீட்டுக்கு வந்த விருந்தாளி. விறகடுப்பு அணைந்தது, பண்டிகைக்கென்று மிச்சம் பிடித்திருந்த கேஸ் எரிந்தது. அடுத்த வீட்டு ஷபானா மிளகாய் வறுப்பதைத் தள்ளிவைத்தாள். தெருமுனையில் குப்பை கொளுத்துவது நின்றது.

"கலெக்டரு மாதிரில்ல நடக்கறா" என்றான் சங்கிலிப்பாண்டி.

"கலெக்டர் முன்னாடி பீடி குடிப்பியாய்யா? படகுத்துறைப் பக்கம் போ."

கிடங்கிலும் அதே மரியாதைதான். மேனேஜர் ஹரிநாராயணன் தரையில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். ஒச்சம்மாளைக் காயல் காற்று வரும் பின்வாசலில் உட்காரவைத்தார்.

வாரம் முடிந்து ஸுப்ரியா ஒச்சம்மாளின் வீட்டில் உட்கார்ந்து பெட்டியைக் கணினியில் செருகிப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"என்னக்கா இது? என் ஃப்ளாட்டை விட உங்க குடோன் காத்து நன்னாயிருக்கே."

"கேட்டியா ஷபானா?"

"லட்டு வாங்கட்டே சேச்சி?"

ஸுப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மோசமான மூணு இடத்துக்குத்தான் மெஷின். இந்தக் கணக்கைக் கொடுத்தா உங்க குடோன் பேரே வராது."

"ஃபெயிலானாத்தான் பிரைஸா? இது எந்த ஊரு பரீட்சை?" என்ற ஒச்சம்மாளின் குரல் பாதியில் இறங்கிவிட்டது. வேலை போனதாகவே அவளுக்குத் தோன்றியது. "ஒரு வாரமா ராத்திரி எந்திரிச்சு உக்காராமத் தூங்கினேன். மூச்சுப் பம்ப்பைக்கூடத் தேடல. அந்தச் சொகத்துக்கு மெஷினைப் பறிகொடுத்துட்டேனே."

ஸுப்ரியா நிமிர்ந்தாள். தாளில் குறித்திருந்த ஊதுகுழாய்க் கணக்கை வரிசையாகப் பார்த்தாள். நாளுக்கு நாள் ஏறியிருந்தது. "அக்கா, இது தூசி இல்லாத வாரம். இனி நிஜமாவே எப்பவும் போல ஒரு வாரம் மாட்டிக்கோங்கோ. ரெண்டையும் சேர்த்து வச்சுக் காட்டறேன். மூச்சு முட்டித்துன்னா அப்பவே கழட்டிடணும், கேட்டேளா?"

செய்தி பரவியதும் தெரு முழுக்க உதவிக்குக் கிளம்பிவிட்டது. ஷபானா வறுசட்டியைத் தூக்கிக்கொண்டு ஒச்சம்மாளின் வாசலுக்கே வந்தாள். சங்கிலிப்பாண்டி பீடியைப் பற்றவைத்து மனைவியின் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒச்சம்மாள் இருவரையும் விரட்டினாள்.

"எப்பவும் போலன்னா எப்பவும் போல. போன வாரம் பொய்யா நல்லா இருந்தோம். இந்த வாரம் பொய்யா மோசமா இருக்கணுமா?"

பழைய இடத்தில், பழைய தூசியில் உட்கார்ந்து புடைத்தாள். நாலாம் நாள் மத்தியானம், ஒரு கதையின் நடுவில் அவள் பேச்சு நின்றுபோனது. மற்றப் பெண்கள் முறத்தைக் கீழே வைத்தார்கள். கிடங்கு இவ்வளவு அமைதியாகி அறியாத ஹரிநாராயணன் தன் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தார். ஒச்சம்மாள் இன்ஹேலரை இழுத்து, சுவரில் சாய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சைத் திரும்பப் பிடித்தாள். செய்தி கேட்டு ஸுப்ரியா வந்து பெட்டியைக் கழற்றினாள். மூச்சு கொஞ்சம் சீரானதும் ஊதச் சொன்னாள். முன்பு ஏறிய முள் பாதியளவுகூட ஏறவில்லை.

ஹரிநாராயணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "போன வாரம் எங்க இருந்தியோ அங்கயே போய் உக்காரு" என்றார். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, "எல்லாரும்தான். அங்க இருக்கற சாக்கை எடுக்கச் சொல்றேன்."

தூசியில்லாத வாரக் கணக்கும் இந்த நாலு நாள் கணக்கும் பக்கம் பக்கமாகக் குழுவின் முன் போனது. தூசி குறைந்தால் ஒருத்தியின் மூச்சு எவ்வளவு திரும்புகிறது என்ற கணக்கு வேறெந்த இடத்திலிருந்தும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மூன்று பெயரில் சுக்குக் கிடங்கும் வந்தது.

மழைக்கு முன்பே இயந்திரம் கூரையில் ஏறிவிட்டது. ஆஸ்துமா போய்விடவில்லை, இன்ஹேலர் இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் டாக்டர் வேலையை விடச் சொல்வதில்லை. ஒரே தொல்லை, அந்த இயந்திரம் மீன்பிடிப் படகு மாதிரி இரைகிறது. அதற்கு மேலே ஒச்சம்மாள் கதை சொல்கிறாள்.

"ரோடு வரைக்கும் கேக்கறது ஒச்சம்மா" என்று ஹரிநாராயணன் வந்து சொன்னார்.

"மெஷினை நிப்பாட்டுங்க சார், மெதுவாப் பேசறேன்."

அவர் கூரையை ஒரு தரம் பார்த்தார், ஒச்சம்மாளை ஒரு தரம் பார்த்தார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.