மீன் பெட்டியில் வந்த நாற்று

"ஒன் கை சரியில்லம்மா" என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது நெல்லில் ஒரே ஒரு மரபணு. பயிர் வெள்ளத்தில் மூழ்கினால் செல் அதை ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கும் என்று கட்டுரைகள் கூறின. நகல் இருந்தால் ஆய்வகத்தில் சோதிக்கும் ஜெல் தகட்டில் பளிச்சென்று ஒரு கோடு விழும். ஆராய்ச்சி நிலையத்து ரகத்தில் எனக்கும் விழுந்தது. சீவலப்பேரியில் ஆற்றுத் தண்ணீர் ஏறி நின்ற வயலின் உள்ளூர் ரகத்தில் மட்டும் அந்த இடம் வெறுமையாக இருந்தது. மரபணு இருந்தது, நகல்தான் இல்லை. பத்திரம் பெட்டியில் கிடக்க, நகல் கேட்டு யாரும் வராத கதை.

"அங்கேர்ந்து இலை பஸ்ல வாரதுக்குள்ள ஆர்.என்.ஏ. செத்துருக்கும். அந்த ரகத்த விட்டுரு, இந்த மாசமே ஆய்வேட்டக் குடுத்துரலாம்."

விடாவிட்டால் கையெழுத்து கிடையாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்போதும் நகலாகும் இன்னொரு மரபணுவையும் துணைக்குச் சோதித்திருந்தேன். அதே ஆர்.என்.ஏ.வில் அது ஜம்மென்று கோடு காட்டியது. செத்திருந்தால் அது மட்டும் எப்படிப் பிழைத்தது? அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால், நாலு என்று எண்ணிக் காட்டும் வீம்பு எனக்கும் உண்டு. மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் வெறுமை.

"நீங்களே வயலுக்கு வந்து இலைய வெட்டுங்க சார். எல்லாம் ஒங்க கையாலயே பண்ணுங்க" என்றேன்.

என்ன நினைத்தாரோ, வந்தார். நாற்றின் இலையை வெட்டிக் காப்புத் திரவத்தில் போட்டு, ஐஸ் பெட்டியை மடியில் வைத்து டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தார். என்னிடம் வழக்கமாகச் சொல்வதையே கண்டக்டர் அவரிடமும் சொன்னார்.

"அண்ணாச்சி, மீன் பெட்டிய அங்கன கீழ வையும். வாடை அடிக்குல்லா."

"மீன் இல்லவே, நாத்து."

"நாத்த எவனாவது ஐஸ்ல வைப்பானாவே?"

சார் பெட்டியை மடியோடு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அவரே ஓட்டிய ஜெல்லைப் புற ஊதா விளக்கில் வைத்துப் பார்த்தோம். துணை மரபணுவின் கோடு பளிச்சென்று இருந்தது. என் மரபணுவின் இடத்தில் ஒன்றுமில்லை.

"ஒங்க கையும் சரியில்ல போல சார்."

சொல்லியிருக்கக் கூடாதுதான். இன்றுவரை வருத்தமில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போடுதேன்."

ஆய்வேட்டில் மற்ற படங்களெல்லாம் அரைப் பக்கம். அந்த வெற்றிடத்துக்கு மட்டும் முழுப் பக்கம் கொடுத்தேன்.