பல் சொன்ன கிதாரும் கை எடுத்த கிதாரும்

போன வாரம் சென்னையில் ஒரு கிதார் கடையில் மாட்டிக்கொண்டேன். திருடவில்லை. கடித்தேன்.

கடைப் பெண் ஓடி வந்தார். “சார்... சார்! என்ன பண்றீங்க? டிஸ்ப்ளே பீஸ் சார் அது!”

“கேக்கறேம்மா.”

“காதால கேளுங்க சார்!”

நியாயம்தான். எழுபதைத் தாண்டிய ஆள் ஒருவர், ரப்பர் செருப்போடு ஏசி கடைக்குள் நுழைந்து, எலக்ட்ரிக் கிதாரின் கொம்பில் வாயை வைத்தால் யார்தான் பதற மாட்டார்கள்?

விளக்கம் சொல்ல வேண்டுமென்றால் மரக்காணத்திலிருந்து தொடங்க வேண்டும். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் அவரைவிடப் பொறுமைசாலிகள் — இத்தனை வாரமாக என்னைப் படிக்கிறீர்களே!

எழுபதுகளின் நடுப்பகுதி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர், அப்புறம் புதுச்சேரியில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்குகிற வேலை. அங்கேதான் கிதார் பழகினேன். கச்சேரி இல்லாத நாட்களில், தூசி தட்டுகிற சாக்கில். அங்கும் கால் தரிக்கவில்லை. ஒருநாள் கிளம்பி மரக்காணம் உப்பளத்துக்கு வந்து சேர்ந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அப்போதும் பதில் தெரியாது, இப்போதும் தெரியாது.

பாத்தியில் உப்பு விளைந்ததும் பலகையால் இழுத்து வரப்போரம் குவிக்க வேண்டும். அதுதான் வேலை. குவியலுக்குக் காவலாக ஓர் ஓலைக் கொட்டகை. அதில் நான். சாயங்காலம் எல்லோரும் ஊருக்குள் போய்விட்டால் கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை... அவ்வளவுதான். பேச்சுத்துணைக்கு ஒரு நாய்கூடக் கிடையாது. மிகைப்படுத்தவில்லை. நாய்க்கு அங்கே என்ன இருக்கிறது?

என் பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை. ‘புதுச்சேரியான்’ — அதுவே போதுமானதாக இருந்தது.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. பழைய மெல்லிசைக் குழுவின் தலைவர் அந்தோணி அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார். அவர் அக்கார்டியன் வாசிப்பார். குழுவில் கிதார் வாசித்தவர் துபாய்க்குப் போய்விட்டாராம். ‘சொந்தக் கிதாரோட வந்தா எடம் உனக்கு. பங்குனி உத்திரத்துக்குக் கீழ்புத்துப்பட்டுல கச்சேரி.’

இடம் என்றால் மேடையில் ஓர் இடம் மட்டுமா? பத்துப் பேரோடு உட்கார்ந்து சாப்பிடலாம். வேனில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடலாம். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்... எனக்கு அது போதும்.

கிதாருக்கு எங்கே போவது? இடையஞ்சாவடியைத் தாண்டி ஒரு கீற்றுக் குடிசையில் லூக் என்று ஒரு பிரெஞ்சுக்காரன் இருந்தான். அவனிடம் இரண்டு எலக்ட்ரிக் கிதார்கள். ஊர் சுற்றக் கிளம்பிக்கொண்டிருந்த அவனுக்கு வேண்டியது ஒரு சைக்கிள். என் ஒரே சொத்தும் ஒரு சைக்கிள்தான்!

“ரெண்டும் எடுத்துப் போ. ஒரு வாரம் பாரு. ஒண்ணு உனக்கு. ஒண்ணு திரும்பி வா,” என்றான், ஊரில் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழில். பிறகு விரலை ஆட்டினான். “ரெண்டும் கரண்ட்ல போட்டுப் பாரு. முக்கியம்!”

தலையாட்டினேன். இரண்டையும் கோணியில் சுற்றி கேரியரில் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன்.

ஒன்றுக்கு மேப்பிள் மரத்தில் கழுத்து, அதாவது வாசிக்கும்போது இடக்கை ஓடுகிற தண்டு. வெளிர் மஞ்சள். மேலே வார்னிஷ், கண்ணாடி மாதிரி. கம்பிகளுக்குக் கீழே மூன்று ஒல்லியான பிக்கப். கம்பி அதிர்வதை வாங்கி ஆம்பிளிஃபயருக்கு அனுப்புகிற காந்தப் பட்டைக்குப் பெயர்தான் பிக்கப். இன்னொன்றுக்கு மஹோகனிக் கழுத்து. வார்னிஷ் கிடையாது, எண்ணெய் தேய்த்த வெறும் மரம். பிக்கப் இரண்டுதான், ஆனால் ஒவ்வொன்றும் தடி.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிற கன்னியம்மா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். “ஏம்பா புதுச்சேரியான், இது இன்னாது?”

“கரண்ட்டு கிதாருக்கா.”

“கொட்டாயில ஏது கரண்ட்டு?”

“இல்லக்கா.”

“அப்ப பாடாதா?”

“மெதுவா கேக்கும்.”

காதைக் கொண்டுவந்து வைத்துக் கேட்டார். கொசு பாடுவதுபோல் ஒரு சத்தம். அக்கா சிரித்த சிரிப்பில் எதிர்க்கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஊமைய இட்டுக்கினு வந்துட்டு, அதுலயும் ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டு!”

அந்த ஒரு வாரமும் கடற்காற்றோடு எனக்குப் போராட்டம். இரண்டாம் நாளே கம்பி பழுப்பேறியது. சிரித்தாலும் அக்காதான் மண்ணெண்ணெய் நனைத்த துணி கொடுத்தார். தினமும் கம்பியைத் துடைத்து, கோணிக்குள் போட்டுக் கட்டி வைப்பேன்.

கரண்ட் இல்லாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். கிதார் உடம்பில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மேல்முனையில் பல்லை வைத்துக் கம்பியை மீட்டினால், சத்தம் எலும்பு வழியாக நேரே மண்டைக்குள் வரும். உலகத்தில் வேறு யாருக்கும் கேட்காது. உங்களுக்கு மட்டும் பெரிய கச்சேரி!

பல் சொன்னது, மஹோகனி என்று. மேப்பிள் கிதார் ‘டிங்’ என்று கண்ணாடித் தம்ளர் மாதிரி ஒலித்து நின்றது. மஹோகனி ஒவ்வொரு சுரத்தையும் தாடைக்குள் நிறுத்தி வைத்து, மெல்ல விட்டது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

ஆனால் கை? கை வேறு சொன்னது.

உப்பளத்தில் நல்ல தண்ணீர் குடிக்க மட்டும்தான். கை கழுவுவது பாத்தியின் உப்புத் தண்ணீரில். என் உள்ளங்கையில் ஈரம் என்பதே இல்லை. வறண்டு, பாளம் பாளமாக வெடித்திருந்தது. மஹோகனியின் வெறும் மரம் ஒவ்வொரு வெடிப்பிலும் பிடித்து இழுத்தது. நாலு நிமிடம் வாசித்தால் எரிச்சல். மேப்பிளோ... வார்னிஷ் மேல் கை விலாங்கு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் அவ்வளவு வேகமாக வாசித்ததே இல்லை!

வாசிக்கப் போவது கையா, பல்லா? கைதானே? மேப்பிள் என்று முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகுதான் மரக்காணம் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் காதர் பாயிடம் போனேன். மேப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டு. முடிவெடுத்தபின் இன்னொன்றை எதற்குத் தூக்குவது? பாய் தன் பழைய வால்வு ரேடியோவின் பின்னால் ஒயரைச் செருகினார். பாடியது. நன்றாகவே பாடியது. அடியில் மட்டும் ‘ம்ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல்.

“என்ன பாய் இது?”

“ரேடியோ தம்பி. எங்க வாப்பா காலத்து ரேடியோ, மூச்சு வாங்காதா? உன் கிதார்ல குத்தம் இல்ல, போ.”

வேண்டியதைக் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் மஹோகனியை ஏற்றிக்கொண்டு இடையஞ்சாவடி போய், அதையும் சைக்கிளையும் லூக்கிடம் விட்டுவிட்டு, கடற்கரை வழியாக அரை நாள் நடந்து திரும்பினேன். சைக்கிளும் இல்லை, கையில் கிதாரும் இல்லை. ஆனாலும் விசில் அடித்துக்கொண்டு நடந்தது ஞாபகம் இருக்கிறது.

கணக்குத் தீர்த்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனேன். அந்தோணி அண்ணன் கை கொடுத்தார். கொடுத்த கையை உடனே இழுத்துக்கொண்டார். “யோவ், இது கையா உப்புத்தாளா?” அண்ணியைக் கூப்பிட்டு, “மேரி, இவனுக்குத் தெனமும் தேங்கா எண்ணெய் குடு. ரசிகர் யாராவது கை குடுத்தா ரத்தம் வந்துடும்,” என்றார்.

மூன்று வாரம். தினமும் ஒத்திகை, தினமும் எண்ணெய், தினமும் அண்ணி கையால் மீன் குழம்பு. எல்லோரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முதலிரண்டு நாள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நான் திரும்பவே இல்லை.

வெடிப்பு ஆறியது. தோல் மெத்தென்று ஆனது. கை மனுசக் கையாகி, வேர்க்கத் தொடங்கியது.

கூடவே கிதாரின் கழுத்து கையில் ஒட்டத் தொடங்கியது. வார்னிஷும் வேர்வையும் சேர்ந்தால் பசை. மேலிருந்து கீழே இறங்க வேண்டிய கை பாதி வழியில் நின்றது. பதற்றம், சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். மனசுக்குத் தெரியும்... நான் கிதாரைத் தேர்ந்தெடுத்த கை இப்போது என்னிடம் இல்லை.

கீழ்புத்துப்பட்டில் மேடை ஏறினோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேடையைச் சுற்றிலும் டியூப் லைட் கட்டியிருந்தார்கள், கம்பத்துக்கு இரண்டாக. சுவிட்சைப் போட்டார்கள். எல்லா லைட்டும் கண் விழித்தன. என் கிதாரும் விழித்தது.

‘ம்ம்ம்ம்ம்ம்...’

காதர் பாயின் ரேடியோ இல்லை அது. ஒல்லிப் பிக்கப்புகளின் குணம். சுற்றிலும் கரண்ட் ஓடினால் அதையும் பிடித்துப் பாடும். தடியானவை அந்த இரைச்சலை விழுங்கிவிடும். அதனால்தான் ‘ரெண்டும்’ கரண்டில் போட்டுப் பார் என்று அந்த மனிதன் விரலை ஆட்டினான்.

ஒவ்வொரு பாட்டும் முடிந்து கைதட்டல் அடங்கியதும் என் ‘ம்ம்ம்’ மட்டும் தனியாகக் கேட்டது. முன்வரிசையில் ஒருவர், “யாருப்பா அது வண்ட புடிச்சு டப்பால போட்டது?” என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது.

அந்தோணி அண்ணன் அக்கார்டியனை நிறுத்தாமல் என் பக்கம் சாய்ந்தார். “கொறடா!”

குறைத்தேன். இன்னும் குறைத்தேன். இரைச்சல் நின்றது. கிதாரும் நின்றது. மிச்சப் பாட்டு முழுவதும், பத்துப் பேர் நடுவில், அத்தனை பேர் முன்னால், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் திட்டவில்லை. வேனில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். அப்போதே புரிந்துவிட்டது. மறுநாள், “வேற கிதார் கெடச்சா வாடா. மாசிலாமணி ஒருத்தன் சும்மாதான் இருக்கான், அதுவரைக்கும் அவன் பாத்துக்கட்டும்,” என்றார். ‘அதுவரைக்கும்’ என்பது எவ்வளவு நீளமான வார்த்தை!

இடையஞ்சாவடிக்குப் போனேன். லூக் என் சைக்கிளில் தெற்கே போய் எட்டு நாள் ஆகியிருந்தது. மஹோகனி யார் கைக்கோ போய்விட்டது.

திரும்பவும் மரக்காணம். கன்னியம்மா அக்கா பலகையை ஊன்றி நின்றார். “வந்துட்டியா? ஊமைக்கு வாய் வந்துச்சா?”

“வந்துச்சுக்கா. மூடத்தான் தெரியல.”

அக்கா இந்த முறை சிரிக்கவில்லை. “குந்து. கூழு குடி,” என்று தூக்குச்சட்டியைத் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆமா, உன் பேரு இன்னா?” என்றார்.

சொன்னேன்.

“நல்ல பேருதான்,” என்றார். மறுநாள் காலையில், “ஏ புதுச்சேரியான்!” என்று கூப்பிட்டார்.

பத்து நாளில் கை பழையபடி வெடித்தது. ஒரு சாயங்காலம் கோணியைப் பிரித்து மேப்பிளை எடுத்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது! அத்தனை வேகம், அத்தனை சுத்தம். கொம்பில் பல்லை வைத்துக்கொண்டு கச்சேரியில் வாசிக்க வேண்டியதையெல்லாம் வரிசையாக வாசித்து முடித்தேன். ஒரு தப்பு இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளையாக, உப்பு.

அடுத்த மழைக்காலத்தில் ஈரம் ஏறி பிக்கப் மூன்றும் செத்துப்போயின என்று காதர் பாய் சொன்னார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

நான் அன்று தப்பான கிதாரை எடுத்தேனா? பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது தோன்றுகிறது... தனியாக இருப்பவன், தனியாக இருப்பதற்குத் தோதான கிதாரைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறான். கை அன்றைக்கு இருக்கிற வாழ்க்கைக்குத் தீர்ப்புச் சொல்லும். நாளைக்கு வேண்டியது அதற்குத் தெரியாது. பல் அப்படியில்லை. எந்த வேலை பார்த்தாலும் மாறாது. விழும், அவ்வளவுதான்.

கடைப் பெண் முழுக்கக் கேட்டார். டிஷ்யூ எடுத்துக் கொம்பைத் துடைத்தார். பிறகு, இத்தனை வருடத்தில் யாரும் என்னைக் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“சார், இதை எங்க வாசிக்கப் போறீங்க?”

“வீட்லதாம்மா.”

“கூட யார் வாசிப்பாங்க?”

“யாரும் இல்ல.”

“அப்ப ஆம்ப் வேஸ்ட் சார். ஹெட்போன் போதும்.”

“அதுவும் வேணாம்மா... இன்னும் ஒம்பது பல் இருக்குது.”