அமெரிக்காவைப் பற்றித்தான் சொன்னேன்

அமெரிக்கக் கல்வி முறையின் வரலாற்றை ஒரு காலத்தில் நான் தலைகீழாக ஒப்புவிப்பேன். அந்த நாட்டைக் கண்டதில்லை. கொழும்பைத் தாண்டி நான் எங்குமே போனதில்லை. ஆனாலும் குடியேறிகள் ஊருக்கொரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று சட்டம் போட்டதிலிருந்து, கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் வைப்பது செல்லாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னதுவரை, பத்துப் பக்கம் என் வாயில் இருந்தது.

அறுபதுகளின் நடுவில் பதவி உயர்வுக்காக ஒரு பரீட்சை எழுத வேண்டியிருந்தது. அதில் ஒப்பீட்டுக் கல்வி என்று ஒரு வினாத்தாள். சனிக்கிழமைகளில் நல்லூரில் ஒரு வீட்டு விறாந்தையில் அதற்கு வகுப்பு நடக்கும். படிப்பித்தவர் ஓய்வுபெற்ற வித்தியாதரிசி, பள்ளிக்கூடங்களைப் பரிசோதித்துத் திரிந்த அதிகாரி. இங்கிலாந்தை விடுங்கள், ரஷ்யாவை விடுங்கள், இந்தமுறை அமெரிக்காதான் வரும் என்று அவர் அடித்துச் சொன்னார். வினாத்தாளைத் தானே அச்சடித்தவர்போல அவர் சொன்ன விதத்தில் நாங்களும் நம்பிவிட்டோம்.

நான் படிப்பித்த பள்ளிக்கூடமும் அமெரிக்கர் தொடங்கியதுதான். மருதனார்மடத்துச் சந்தியில் பஸ்ஸால் இறங்கிப் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருபது நிமிடம் நடக்க வேண்டும். நூறு வருடங்களுக்கு முன்னர் பாதிரிமார் கட்டிய நீளக் கட்டடம், தடித்த சுவர், வேப்பமரம், கிணறு. அரசாங்கம் பொறுப்பெடுத்தபின் பெயர்ப்பலகை மாறியது. ஜெபத்துக்குப் பதிலாகத் தேவாரம் வந்தது. மற்றதெல்லாம் இருந்தபடியே இருந்தது. எந்தப் பிள்ளையையும் ஒதுக்காமல் ஒரே வாங்குப் பலகையில் இருத்திய பள்ளிக்கூடம் இது என்று பரிசளிப்பு விழாக்களில் நாங்கள் முழங்குவோம்.

வாங்கு உண்மைதான். ஆனால் வாங்கோடு சரி, கிணற்றடியில் வேறு ஒழுங்கு. எங்கள் சாதி ஆட்களின் பிள்ளைகள் தாங்களே வாளியைப் போட்டு அள்ளிக் குடிப்பார்கள். கள்ளிறக்கும் சீவல் தொழிலாளரின் பிள்ளைகளும் இன்னும் சிலரும் கிணற்றுக் கட்டுக்குக் கீழே நின்று கையேந்த வேண்டும். யாராவது அள்ளி ஊற்றுவார்கள். ஊற்றுகிறவர்கள் விளையாடப் போய்விட்டால் அவர்கள் தாகத்தோடு வகுப்புக்கு வருவார்கள். நாட்டில் இதற்கெதிராகச் சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தச் சட்டம் எங்கள் கிணற்றடிவரை வந்து சேரவில்லை. எட்டு வருடம் அந்தக் கிணற்றைக் கடந்து வகுப்புக்குப் போனவள் நான். அது சரியா பிழையா என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் இரண்டு குழந்தைகள். புத்தகத்தைத் திறந்தால் ஒன்று அழும், அதைத் தூக்கினால் மற்றது அழும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எட்டாம் வகுப்பின் குடியியல் பாடவேளையில் என் பத்துப் பக்கங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினேன். அவர்களுக்கு அறிவு வரட்டும் என்றல்ல, வாய்விட்டுச் சொன்னால் எனக்கு மனதில் நிற்குமென்றுதான். அவர்களோ வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். மரக்குற்றிகளால் கட்டிய ஒற்றை அறைப் பள்ளிக்கூடங்கள், தன்னிலும் உயரமான பெடியன்களுக்குப் படிப்பித்த பதினாறு வயது வாத்திச்சி, அடிமைப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவருக்குத் தண்டனை. நமக்கு எழுத்துச் சொல்லித்தரப் பாதிரிமார் கப்பலேறி வந்த அந்தக் காலத்தில் அவர்களுடைய நாட்டிலேயே இப்படியா என்று ஒரு பெடியன் கேட்டான். நல்ல கேள்வி, பரீட்சைக்கு உதவும் என்று குறித்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். தீர்ப்பு வந்தபின் கறுப்புப் பிள்ளைகள் சிலர், கூட்டம் திட்டத் திட்ட, பட்டாளத்தின் காவலோடு வெள்ளையரின் பள்ளிக்கூடத்துக்குள் நடந்துபோன கதை. வேறாக வைப்பதென்பதே தாழ்த்தி வைப்பதுதான் என்று குரலை உயர்த்திச் சொல்லி முடித்தேன். நன்றாகச் சொன்னேன் என்று எனக்கே ஒரு பெருமை.

மணி அடித்தபின் ஒரு பிள்ளை மேசையடிக்கு வந்து நின்றாள். மூன்றாம் வாங்கில் இருக்கிறவள், சீவல் தொழிலாளி ஒருவரின் மகள். கணக்கில் வகுப்புக்கு முதல். அவள் வீடு இருந்த ஒழுங்கையில் ஒரு பெண்பிள்ளையும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. இவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தால் அதுவே முதல்முறை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாய்க்கு விருப்பம், தகப்பனுக்கு அரைமனது. நான்தான் இருமுறை தகப்பனைக் கூப்பிட்டுக் கதைத்து அவளை நிறுத்தாமல் வைத்திருந்தேன்.

"ரீச்சர், அந்தப் பிள்ளையள் உள்ளுக்குப் போனாப் பிறகு ஆரும் ஒண்டும் செய்யேல்லையே?" என்று கேட்டாள்.

பட்டாளம் காவலுக்கு நின்றது என்றேன்.

"அப்ப அங்கத்தை ரீச்சர்மார் என்ன செய்தவை?"

அது என் குறிப்பில் இல்லை. தெரியாது என்று சொல்லிவிட்டுக் கொப்பிகளை அடுக்கினேன்.

அடுத்த நாள் இடைவேளையில் அவள் கிணற்றுக் கட்டில் ஏறினாள். நான் வகுப்பு யன்னலால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவசரப்படாமல் வாளியை இறக்கி, அள்ளி, ஒரு கையால் சரித்துக் குடித்தாள். தன்னோடு நின்ற இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கும் ஊற்றினாள். பிறகு கயிற்றைச் சுருட்டி வாளியை இருந்த இடத்தில் வைத்தாள். அதற்குள் பெடியன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடிவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் விடுமுன்னரே ஊர் வந்துவிட்டது. கிணறு தீட்டுப்பட்டுவிட்டது, இறைக்க வேண்டும், அதுவரை எங்கள் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்றார்கள். திங்கட்கிழமை வகுப்பில் பாதிப்பேர் இல்லை. அன்றைக்குக் கிணறு இறைத்தார்கள். தண்ணீர் இறைக்கும் மெசினைத் தோட்டத்திலிருந்து வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தது வேறு யாருமல்ல, என் சொந்த அண்ணை. வெங்காயத்துக்கு இறைக்கிற அதே மெசின். நல்ல தண்ணீர் முற்றமெல்லாம் ஓடி ஒழுங்கையில் தேங்கி நின்றது. மெசின் சத்தத்துக்கு மேலால் நான் ஏழாம் வகுப்புக்கு இலக்கணம் படிப்பித்தேன்.

தலைமையாசிரியர் கெட்டவர் அல்லர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லையென்றால் நாளைக்குக் கல்விக் கந்தோரில் பதில் சொல்ல வேண்டியவர். அந்தப் பிள்ளையையும் தகப்பனையும் கூப்பிட்டு, என்னையும் வரச் சொன்னார். தகப்பன் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். அவள் மட்டும் மேசைக்கு முன்னால் நின்றாள்.

உனக்கு இதை ஆர் சொல்லித் தந்தது என்று தலைமையாசிரியர் அவளிடம் கேட்டார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கும் எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது.

"ரீச்சர்தான் சொன்னவ. வேறையா வைக்கிறது தாழ்த்தி வைக்கிறது எண்டு."

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். வெளியே ஊர்ப் பெரியவர்கள் நின்றார்கள். அவர்களில் இருவர் எனக்குச் சொந்தம். பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. ஓம், நான்தான் சொன்னேன், அவள் செய்ததில் பிழையில்லை என்று நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இடமாற்றம் கிடைத்திருக்கும். அண்ணை கொஞ்சநாள் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்திருப்பார். அவ்வளவுதான். இதைக் கணக்குப் பார்க்க எனக்குப் பதினைந்து வருடம் பிடித்தது.

"நான் அமெரிக்காவைப் பற்றித்தான் சொன்னனான், சேர்," என்றேன். "எங்கடை கிணத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

அவருக்கு மூச்சு வந்தது. பிள்ளை கதையைப் பிழையாக விளங்கிக்கொண்டது என்று முடிவாயிற்று. இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போகலாம் என்றார். அவள் என்னை மட்டும் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய இலங்கைத் தேசப்படத்தைப் பார்த்தேன். வெளியே நின்ற தகப்பன், "பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போறன், ஐயா," என்றார். அவள் படிப்பில் அவருக்கிருந்த அந்த அரைமனதும் அந்த இடத்தில் போய்விட்டது. அதன்பிறகு அவள் வரவில்லை.

ஒருநாள் போய்க் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு பள்ளித் தவணை முடியட்டும் என்றேன். அவர்களுடைய ஒழுங்கை பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம். எந்த முகத்தோடு போவது என்று தெரியாததால்தான் போகவில்லை. மற்றதெல்லாம் சாட்டு. பரீட்சையில் வித்தியாதரிசி சொன்னபடியே அமெரிக்கா வந்தது. அந்தத் தாளில் எங்கள் குழுவிலேயே எனக்குத்தான் அதிக புள்ளி. அவர் கைகொடுத்துப் பாராட்டினார், நான் சிரித்தேன். அதன்பிறகு ஊரில் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் மற்றவர்கள் அடிவாங்கி அடிவாங்கிக் கதவுகளை எல்லாச் சாதிக்கும் திறக்க வைத்தார்கள். நான் அந்தச் செய்திகளைப் பேப்பரில் படித்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேறொரு பள்ளிக்கூடத்துக்கு அதிபராக இருந்தேன். தை மாதத்தில் ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிற நாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். முப்பது வயதுகூட இராது. கையிலிருந்த பத்திரத்தைப் பார்த்தபடி தகப்பனின் தொழில் கேட்டேன், விலாசம் கேட்டேன். தாய் எதுவரை படித்தவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் கேட்டேன்.

"எட்டு, ரீச்சர். முடிக்கேல்லை. உங்களுக்குத் தெரியுந்தானே."

நிமிர்ந்து பார்த்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. மகளை வெளியே வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு, இத்தனை வருடம் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், உன்னைத் தனியே விட்டது நான்தான் என்றேன். அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அது முடிஞ்ச கதை, ரீச்சர்," என்றாள். யன்னலால் மகளை ஒருமுறை பார்த்தாள். "இவள் கெட்டிக்காரி. பத்துவரைக்கும் படிக்க வேணும். நீங்கள் எனக்கு ஒரு உதவி மட்டும் செய்யுங்கோ. இவளுக்கு உந்த அமெரிக்காக் கதையைச் சொல்லிப்போடாதையுங்கோ."

நான் ஓம் என்றேன்.